உடனொளிர்வும் நின்றொளிர்வும்

ஒளி விடும் பொருள் சுடும் என்பது நம் பொதுவான அனுபவம். அகல் விளக்கின் சுடர், கொல்லன் உலையில் பழுத்த இரும்பு, குண்டு பல்பினுள் இருக்கும் டங்ஸ்டன் இழை ஆகியவை எல்லாம் சூடேறியதால்தான் ஒளி தருகின்றன. ஆனால் சூடேறாமலே ஒளிரும் பொருள்களும் உண்டு. குழல் விளக்கின் உட்பூச்சு ஒளிர்கிறது. ரூபாய்த் தாளைப் புற ஊதா விளக்கின்கீழ் பிடித்தால் அதன் வரிசை எண்கள் ஒளிர்கின்றன. திருவிழாக் கடைகளில் வாங்கும் சில பொம்மைகள், அறை விளக்கை அணைத்த பிறகும் இளம்பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. இவற்றை ஒளிர வைப்பது வெப்பம் அன்று. வெப்பத்தால் பிறவாத இவ்வகை ஒளியைத் தண்ணொளி எனலாம். ஐல்ஹார்ட் வீடமன் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளர் 1888 ஆம் ஆண்டில் இதற்கு லூமினசென்ஸ் என்னும் பொதுப் பெயரைச் சூட்டினார்.

தண்ணொளியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் எதிர்ப்படும். ஒன்று ஃபுளோரசென்ஸ், மற்றது பாஸ்பரசென்ஸ். நம் பாடநூல்கள் இவற்றை ஒளிர்தல், நின்றொளிர்தல் என்று தமிழாக்கியுள்ளன. இக்கட்டுரையில் முன்னதை உடனொளிர்வு என்றும், பின்னதை நின்றொளிர்வு என்றும் அழைப்போம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் மாணவர்கள் தயங்காமல் விடை கூறுவார்கள். ‘ஒளியூட்டுவதை நிறுத்தியதும் உடனே அணைந்தால் உடனொளிர்வு, சிறிது நேரம் நீடித்தால் நின்றொளிர்வு.’ சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, பத்துக் கோடியில் ஒரு பங்கு நொடி என்று எல்லைக் கோடும் போட்டுவிடுவார்கள். தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு பொருள் ஏன் உடனே அணைகிறது, மற்றொன்று ஏன் நின்று ஒளிர்கிறது என்ற வினாவுக்கு இதில் விடை இல்லை. காய்ச்சல் நோயின் அறிகுறி ஆவது போல, கால நீட்டிப்பும் ஓர் அறிகுறியே. அதன் காரணம் பொருளின் உள்ளே இருக்கிறது. அதைத் தேடிப் போகுமுன், இச்சொற்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இரண்டு பெயர்களுமே நம்மைத் தவறான வழியில் அழைத்துச் செல்லக் கூடியவை.

விடிவெள்ளியின் பெயர்

‘பாஸ்பரஸ்’ என்பது கிரேக்க மொழியில் ஒளியைச் சுமந்து வருவது என்று பொருள்படும். கிரேக்கர்கள் விடிவெள்ளியை அப்பெயரால் அழைத்தார்கள். பிற்காலத்தில் இருளில் ஒளிரும் பொருள் எதுவாயினும் அதைப் பாஸ்பரஸ் என்று கூறும் வழக்கம் ஐரோப்பாவில் ஏற்பட்டது.

அவ்வாறு பெயர் பெற்றவற்றுள் புகழ் மிக்கது போலோனாக் கல். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் போலோனா நகரில் வின்சென்சோ காஸ்கியரோலோ என்னும் செருப்புத் தைப்பவர் வாழ்ந்தார். இரும்பைப் பொன்னாக்கும் ரசவாதத்தில் அவருக்கு ஆசை உண்டு. நகருக்கு அருகிலிருந்த மலையில் கிடைத்த கனமான கல்லைக் கரியுடன் சேர்த்துச் சுட்டுப் பார்த்தார். பொன் கிடைக்கவில்லை. ஆனால் பகலில் வெயிலில் வைத்த அக்கல் இரவில் தணல் போல ஒளிர்ந்தது! கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவது போல இது சூரிய ஒளியை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்று எண்ணி, இதைச் சூரியப் பஞ்சு என்றும் அழைத்தார்கள். அந்தக் கல் பேரியம் சல்பேட்டு என்னும் கனிமம். கரியுடன் சுட்டபோது அது பேரியம் சல்பைடாக மாறியது. அதில் கலந்திருந்த மிகச் சிறிய அளவு செம்பே ஒளிக்குக் காரணம் என்று 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

1669 ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்ட், சிறுநீரைக் காய்ச்சி வடித்து மெழுகு போன்ற ஒரு புதுப் பொருளைப் பெற்றார். அதுவும் இருளில் ஒளிர்ந்ததால், பாஸ்பரஸ் என்னும் பொதுப் பெயர் அதற்குச் சிறப்புப் பெயராகிவிட்டது. இன்று நாம் பாஸ்பரஸ் என்று அறியும் தனிமம் அதுவே. ஆனால் பாஸ்பரஸ் ஒளிர்வதற்கு வெயில் படவேண்டியதில்லை. காற்றுப் பட வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் அது மெல்ல வினைபுரியும்போது வெளிப்படும் ஆற்றலே ஒளியாகிறது. இது வேதி ஒளிர்வு. ஆகவே பாஸ்பரஸ் தனிமத்தின் ஒளி, பாஸ்பரசென்ஸ் அன்று! பெயரைக் கொடுத்த பொருளிலேயே அப்பெயருக்குரிய பண்பு இல்லை என்பது விந்தைதான்.

உருக்காலையிலிருந்து வந்த சொல்

அடுத்து, உடனொளிர்வின் கதை. கொய்னா மருந்தின் கரைசல் நிறமற்றது. ஆனால் வெயிலில் வைத்தால் அதன் மேற்பரப்பில் மட்டும் அழகிய நீலம் படர்கிறது என்று 1845 ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதன் காரணத்தை ஆராய்ந்து 1852 ஆம் ஆண்டில் வெளியிட்டார். முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, கொய்னாக் கரைசல் நிறைந்த குழாயை ஒவ்வொரு நிறத்திலும் வைத்துக்கொண்டே போனார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எதிலும் மாற்றம் இல்லை. ஊதாவைக் கடந்து, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருண்ட பகுதிக்குக் கொண்டு சென்றபோது குழாய் நீலமாக ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கரைசல் ஏற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது என்பதை ஸ்டோக்ஸ் உணர்ந்தார். மேற்பரப்பில் மட்டும் நீலம் தோன்றியதன் காரணமும் விளங்கிற்று. புற ஊதாக் கதிர் முழுவதையும் கரைசலின் முதல் மெல்லடுக்கே விழுங்கிவிடுகிறது. உள்ளே செல்லும் ஒளியில் அது மிஞ்சுவதில்லை.

ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தில் இதே நிகழ்ச்சி காணப்பட்டதால், அதன் பெயரிலிருந்து ஃபுளோரசென்ஸ் என்னும் சொல்லை ஸ்டோக்ஸ் அமைத்தார். ஃபுளோர் என்பதன் இலத்தீன் வேருக்கு ‘ஓடுதல்’ என்று பொருள். உலோகத்தை உருக்கும்போது, கசடு இளகி ஓடுவதற்காக அக்கனிமத்தைச் சேர்ப்பார்கள். அதனால் வந்த பெயர் அது. ஒளிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அக்கனிமம் கால்சியம் ஃபுளோரைடு. அதிலும் பெரும்பாலும் ஒளிர்வது ஃபுளோரின் அன்று. கலப்பாக உள்ள யூரோப்பியம் போன்ற தனிமங்களே. ஆக, ஒரு சொல் விடிவெள்ளியிலிருந்தும், மற்றது உருக்காலையிலிருந்தும் வந்தவை. பெயரைப் பிரித்துப் பார்த்து இயல்பை அறிய முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஓட்டுக் கூரையில் பந்து

இனி, பொருளின் உள்ளே நிகழ்வதைக் காண்போம்.

ஓட்டு வீட்டின் கூரைமேல் சிறுவர்கள் பந்தை எறிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உருண்டு உடனே முற்றத்தில் விழுந்துவிடும். சில வேளைகளில் கூரை ஓரத்தில் மழைநீர் வடிவதற்குப் பொருத்திய தகரத்தில் விழுந்து தங்கிவிடும். காற்றோ காக்கையோ தட்டிவிடும் வரை அங்கேயே கிடக்கும். இரு பந்துகளும் மேலே சென்றது ஒரே விதமாகத்தான். திரும்பும் வழிதான் வேறு.

மூலக்கூறு ஒன்றின் மீது தகுந்த ஒளி பட்டால், அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் அவ்வாற்றலை ஏற்று மேல் ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. இதுவே பந்து கூரையேறுதல். மேல் நிலையில் எலக்ட்ரான் நெடுநேரம் நிற்பதில்லை. தான் பெற்ற ஆற்றலில் சிறு பகுதியை மூலக்கூறின் அதிர்வுகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ஒளியாக உமிழ்ந்து கீழே வருகிறது. சிறிது ஆற்றல் இடையில் செலவாகிவிடுவதால், வெளிவரும் ஒளியின் அலைநீளம் உள்ளே சென்ற ஒளியின் அலைநீளத்தைவிட மிகுதியாக இருக்கும். இது ஸ்டோக்ஸ் விதி. புற ஊதா நுழைந்து நீலம் வெளிவருவதும், நீலம் நுழைந்து பச்சை வெளிவருவதும் இதனால்தான். இந்த நிகழ்ச்சி முழுவதும் முடிவதற்கு நூறு கோடியில் சில பங்கு நொடிகளே ஆகின்றன. இதுவே உடனொளிர்வு.

தகரத்தில் பந்து சிக்குவது எப்படி? எலக்ட்ரான்கள் பொதுவாக இணை இணையாக இருக்கும். இணையில் ஒன்றின் தற்சுழற்சி ஒரு திசை என்றால், மற்றதன் தற்சுழற்சி எதிர்த்திசை. ஒரே ஆற்றல் நிலையில் ஒரே தற்சுழற்சியுடன் இரு எலக்ட்ரான்கள் இருக்க இயலாது என்பது பௌலியின் தவிர்ப்பு விதி. மேலே சென்ற எலக்ட்ரான் தன் பழைய தற்சுழற்சியுடன் இருக்கும்வரை, கீழே அதன் இடம் காத்திருக்கிறது, உடனே இறங்கிவிடலாம். ஆனால் மேலே இருக்கும்போது அதன் தற்சுழற்சி தலைகீழாக மாறிவிட்டால், கீழே உள்ள இணையின் தற்சுழற்சியும் இதன் தற்சுழற்சியும் ஒரே திசையில் அமைந்துவிடுகின்றன. இப்போது இறங்கும் வழி அடைபட்டுவிடுகிறது. மீண்டும் தற்சுழற்சியை மாற்றிக்கொண்டால்தான் இறங்க முடியும். அம்மாற்றம் அரிதாகவே நிகழ்வதால், மூலக்கூறு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி முதல் பல நொடிகள் வரையிலும் காத்துக் கிடக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக ஒளியை உமிழ்கின்றன. இதுவே நின்றொளிர்வு.

இவ்விடைநிலை ஒன்று உண்டு என்பதைப் போலந்து இயற்பியலாளர் அலெக்சாந்தர் ஜப்லோன்ஸ்கி 1933 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தற்சுழற்சிகள் ஒத்திருக்கும் மும்மை நிலையே அது என்று அமெரிக்காவில் கில்பர்ட் லூயிசும் மைக்கேல் காஷாவும் 1944 ஆம் ஆண்டில் விளக்கினார்கள். தகரம் கூரையைவிடத் தாழ்ந்து இருப்பது போல, மும்மை நிலையின் ஆற்றலும் சற்றுக் குறைவு. எனவே ஒரே மூலக்கூறு இரு விதமாகவும் ஒளிர்ந்தால், அதன் நின்றொளிர்வின் அலைநீளம் உடனொளிர்வின் அலைநீளத்தைவிட மிகுதியாக இருக்கும். காலம் மட்டுமன்றி நிறமும் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

படிகத் திண்மங்களில் நிலைமை சற்று வேறு. இரவில் ஒளிரும் பொம்மைகளில் முன்பு செம்பு கலந்த துத்தநாக சல்பைடு பயன்பட்டது. 1990-களில் ஜப்பானில் உருவாக்கப்பட்ட, யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டு இப்போது பெரிதும் பயன்படுகிறது. இது இரவு முழுவதும் மங்கலாக ஒளிர வல்லது. இவற்றில் எலக்ட்ரானைத் தடுப்பது தற்சுழற்சி அன்று. படிக அமைப்பிலுள்ள குறைகள் சிறு குழிகளைப் போல எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுற்றுப்புற வெப்பம் அவற்றைச் சிறிது சிறிதாக உலுக்கி வெளியேற்றுகிறது. பேச்சு வழக்கில் இதையும் நின்றொளிர்வு என்கிறோம். நுட்பமாகப் பேசும்போது அறிவியலார் இதற்கு நீடித்த ஒளிர்வு என்று தனிப்பெயர் இடுகிறார்கள்.

காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கைப்பேசித் திரையே சான்று. கரிமச் சேர்மங்களால் ஆன ஓ.எல்.இ.டி. திரைகளில், பச்சை, சிவப்புப் புள்ளிகளில் இரிடியம் சேர்மங்கள் நின்றொளிர்வு முறையில் ஒளி தருகின்றன. ஆனால் அவ்வொளி நீடிப்பது பத்து லட்சத்தில் சில பங்கு நொடிகளே. எந்தக் கண்ணாலும் அந்த ‘நிற்றலை’க் காண இயலாது. எனினும் அது மும்மை நிலையிலிருந்து வருவதால் நின்றொளிர்வுதான். மின்சாரத்தால் கிளர்வூட்டும்போது நான்கில் மூன்று பங்கு மூலக்கூறுகள் மும்மை நிலைக்கே செல்கின்றன. அவை வீணாகாமல் ஒளியாவது நின்றொளிர்வால்தான். இல்லையெனில் மின்கலத்தின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போயிருக்கும்.

தந்தை அளந்தார், மகன் கண்டார்

இரு சொற்களின் வேறுபாட்டை ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இயற்பியல் வரலாறு இதற்குத் தக்க விடை தருகிறது.

பாரிஸ் நகரில் வாழ்ந்த எட்மண்ட் பெக்கெரல் 1850-களின் இறுதியில் ஒரு கருவி செய்தார். ஒரே அச்சில் சுழலும் இரண்டு வட்டத் தகடுகள், அவற்றில் துளைகள். ஒரு தகட்டின் துளைக்கு நேரே மற்றதன் துளை வராதபடி அமைப்பு. தகடுகளுக்கு நடுவே ஆய்வுக்குரிய பொருள். ஒரு துளை வழியே பொருளின் மீது ஒளி படும்; அது மறைந்த பின்னரே மற்றத் துளை வழியே பொருளைக் காண முடியும். தகடுகளை விரைவாகச் சுழற்றினால், ஒளி நின்று பத்தாயிரத்தில் சில பங்கு நொடி கழிந்தபின் பொருள் ஒளிர்கிறதா என்று பார்க்கலாம். உடனே அணைவதாகக் கண்ணுக்குத் தோன்றிய பல பொருள்கள் உண்மையில் சிறிது நேரம் நின்று ஒளிர்கின்றன என்பதை அவர் இவ்வாறு அறிந்தார். யுரேனிய உப்புகள் அவற்றுள் அடங்கும்.

எட்மண்டின் மகன் ஹென்றி பெக்கெரலும் இயற்பியலாளர். 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவை புறப்பட்ட இடம், கண்ணாடிக் குழாயின் ஒளிரும் சுவர். ஆகவே ஒளிரும் பொருள்கள் எல்லாம் எக்ஸ் கதிர்களையும் உமிழுமோ என்னும் ஐயம் எழுந்தது. ஹென்றி பெக்கெரல் இதைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். ஒளிப்படத் தகட்டைக் கறுப்புத் தாளில் சுற்றி, அதன்மேல் யுரேனிய உப்பை வைத்து வெயிலில் காட்டினார். தகட்டில் கறை படிந்தது. எதிர்பார்த்தது நிகழ்ந்துவிட்டது என்று 1896 பிப்ரவரி 24 ஆம் நாள் அறிவியல் கழகத்தில் அறிவித்தார்.

அடுத்த சில நாட்கள் பாரிசில் வெயில் சரியாக இல்லை. ஆயத்தம் செய்த தகடுகளை உப்புடன் இழுப்பறையில் வைத்து மூடினார். மார்ச் 1 ஆம் நாள் அவற்றைக் கழுவிப் பார்த்தார். மங்கலான கறையையே எதிர்பார்த்தவருக்கு, மிக அழுத்தமான படம் கிடைத்தது.

இங்கேதான் அந்தக் கால அளவு பயன்பட்டது. அந்த உப்பின் ஒளி, வெயில் நின்றபின் நூறில் ஒரு பங்கு நொடிகூட நீடிப்பதில்லை என்பது தெரிந்த செய்தி. அதன் ஒளிர்வை ஆராய்ந்திருந்தவர் ஹென்றியின் தந்தையே. இழுப்பறை இருட்டில் உப்பு எப்போதோ ஒளிர்வதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கதிர்வீச்சோ நாட்கணக்கில் தொடர்ந்திருக்கிறது. அப்படியானால் இக்கதிர்களுக்கும் ஒளிர்வுக்கும் தொடர்பு இருக்குமா? ஒளிராத யுரேனியச் சேர்மங்களையும் ஹென்றி சோதித்தார். அவையும் தகட்டைக் கறுப்பாக்கின. மே மாதத்தில் யுரேனிய உலோகத்தையே சோதித்தபோது விளைவு இன்னும் வலுவாக இருந்தது. கதிர்களை உமிழ்வது ஒளிர்வு அன்று, யுரேனியமே என்ற முடிவு கிடைத்தது. அணுக்கரு இயற்பியலின் வாயில் இவ்வாறுதான் திறந்தது. ‘ஒளிர்வு நீடிக்கிறது போலும்’ என்று அன்று அவர் அலட்சியமாகச் சொல்லியிருந்தால், அந்த வாயில் இன்னும் சில காலம் மூடியே கிடந்திருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. கல்கத்தாவில் சி. வி. இராமனின் ஆய்வுக் கூடத்தில் கே. ஆர். இராமநாதன் 1923 ஆம் ஆண்டில் நீரில் ஒளிச் சிதறலை ஆராய்ந்தபோது, படும் ஒளியில் இல்லாத நிறம் ஒன்று மிக மங்கலாகத் தோன்றியது. நீரிலுள்ள மாசு காரணமாக எழும் மெல்லிய உடனொளிர்வு என்று அதற்கு அப்போது விளக்கம் கூறப்பட்டது. ஆனால் நீரை எத்தனை முறை தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. 1928 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வட்ராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அதே ஆய்வை மீண்டும் எடுத்துச் செய்தார். தூய திரவங்கள் பலவற்றிலும் அவ்வொளி தோன்றியது. அது வலுவாக முனைவாக்கமும் பெற்றிருந்தது. சாதாரணத் திரவங்களில் உடனொளிர்வு அவ்வாறு இருப்பதில்லை. இது உடனொளிர்வு அன்று, புதுவகைச் சிதறல் என்பது தெளிவாயிற்று. 1928 பிப்ரவரி 28 ஆம் நாளைய இராமன் விளைவு அதுவே. ‘உடனொளிர்வு’ என்ற பெயரோடு அது நின்றுபோயிருந்தால், 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு நமக்குக் கிடைத்திருக்காது.

‘டியூப் லைட்’டும் ‘ரேடிய’மும்

ஒரு செய்தியைத் தாமதமாகப் புரிந்துகொள்பவரை ‘டியூப் லைட்’ என்று கேலி செய்வது நம் வழக்கம். உண்மையில் அத்தாமதம் பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் செய்த வேலை. குழாயினுள் பாதரச ஆவி 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. உட்பூச்சு அதை ஏற்றுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குகிறது. மனிதக் கண்ணுக்கு அதில் எவ்விதத் தாமதமும் தெரியாது. சில குழல் விளக்குகள் அணைத்த பின்னும் சில நொடிகள் மங்கலாகத் தெரிந்தால், பூச்சிலுள்ள குழிகளில் சிக்கிய எலக்ட்ரான்களே காரணம். இப்போது குழல் விளக்கின் இடத்தைப் பிடித்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் நீல ஒளி மஞ்சள் பூச்சின்மேல் பட்டே வெண்மை பிறக்கிறது.

நம் ஊர்களில் வண்டிகளின் பின்னால் ஒட்டும் பளபளப்பான தாளை ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்கிறோம். அதில் ரேடியமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோதான் அதில் உள்ளன. இரவில் ஒளிரும் பொம்மையையும் நாம் ‘ரேடியம்’ என்றே கூறுகிறோம். அதிலும் ரேடியம் இல்லை.

உண்மையான ரேடியப் பூச்சு ஒரு காலத்தில் கைக்கடிகாரங்களில் இருந்தது. ரேடியத்தின் கதிர்கள் துத்தநாக சல்பைடை இடைவிடாது தாக்கி ஒளிர வைத்தன. அதற்கு வெயிலும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். முதல் உலகப் போரின்போதும் அதன் பின்னரும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இளம்பெண்கள் அப்பூச்சைக் கடிகார முகப்பில் தீட்டினார்கள். தூரிகை நுனியைக் கூராக்க உதட்டில் வைத்துக்கொள்ளுமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உடலுக்குள் சென்ற ரேடியம் எலும்பில் தங்கியது. பலர் தாடை எலும்பு அரித்தும், இரத்தம் குன்றியும், புற்றுநோயாலும் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928 ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது.

இன்றும் பழைய பொருள் கடைகளில் அத்தகைய கடிகாரங்கள் கிடைப்பதுண்டு. அவை இருளில் ஒளிர்வதில்லை. ஆகவே தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. சிதைந்தது துத்தநாக சல்பைடுப் படிகம். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். அது அப்படியே இருக்கிறது. ஒளி நின்றாலும் கதிர் நிற்கவில்லை. அத்தகைய கடிகாரத்தைத் திறப்பதும் முகப்பைச் சுரண்டுவதும் ஆகாது.

கடலின் ஒளிக்கும் ஆங்கிலத்தில் பாஸ்பரசென்ஸ் என்ற பழைய வழக்கு உண்டு. 2019 ஆகஸ்டு 18 ஆம் நாள் இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. அது நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரி, அலையால் கலங்கும்போது தன் உடலின் வேதிவினையால் உண்டாக்கும் உயிரொளி. மின்மினியின் ஒளியும் அவ்வகையதே. இவற்றுள் எதுவும் உடனொளிர்வும் அன்று, நின்றொளிர்வும் அன்று.

நீங்களே செய்து பாருங்கள்

ரூபாய்த் தாளைச் சோதிக்கும் சிறிய புற ஊதா டார்ச் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கண்ணை நோக்கிப் பிடிக்கக் கூடாது. ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளிய வைத்து, இருட்டறையில் டார்ச் ஒளியைக் காட்டுங்கள். கரைசல் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். முருங்கைக் கீரையை அரைத்து அதே ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டினால், அந்தப் பச்சைச் சாறு சிவப்பாக ஒளிரும். டார்ச்சை அணைத்த கணமே இரண்டும் மறைந்துவிடும். இவை உடனொளிர்வு.

அடுத்து, இருளில் ஒளிரும் ஒட்டுவில்லைகள் இரண்டை ஒரே விளக்கின்கீழ் ஒரே நேரம் வைத்து எடுங்கள். ஒன்றை வெந்நீர் நிறைந்த டம்ளரின் வெளிப்புறத்திலும், மற்றதைப் பனிக்கட்டி நிறைந்த டம்ளரின் வெளிப்புறத்திலும் ஒட்டுங்கள். விளக்கை அணைத்தால், வெந்நீர் டம்ளரில் உள்ளது பளிச்சென்று ஒளிர்ந்து விரைவில் ஓய்ந்துவிடும். பனிக்கட்டி டம்ளரில் உள்ளது மங்கலாகவே இருக்கும். பிறகு அதையும் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால் அதன் ஒளி கூடும். குழிகளில் சிக்கிய எலக்ட்ரான்களை வெப்பம் வெளியேற்றுவதை இவ்வாறு கண்ணால் காணலாம். சிவப்பு விளக்கொளியில் வைத்தெடுத்த வில்லை இருட்டில் ஒளிராது. நீல ஒளியில் வைத்தால் ஒளிரும். இது ஸ்டோக்ஸ் விதி.

இதே தத்துவம் உயிர் காக்கும் பணியிலும் உள்ளது. கல்பாக்கம் போன்ற அணு நிலையங்களிலும், மருத்துவமனைகளின் எக்ஸ் கதிர்ப் பிரிவுகளிலும் பணிபுரிவோர் சட்டையில் ஒரு சிறு வில்லையை அணிந்திருப்பார்கள். அதில் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டு உள்ளது. அதன் குழிகள் ஆழமானவை. அறை வெப்பம் எலக்ட்ரான்களை வெளியேற்றப் போதாது. அவர்கள்மீது பட்ட கதிர்வீச்சின் கணக்கு மாதக்கணக்கில் அதில் பதிந்திருக்கும். பிறகு ஆய்வுக்கூடத்தில் வில்லையைச் சூடேற்றி, வெளிவரும் ஒளியை அளந்து, எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கிடுகிறார்கள்.

எனவே இனி ஏதேனும் ஒரு பொருள் இருளில் ஒளிர்வதைக் கண்டால், உடனே பெயர் சூட்டிவிடாமல் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அந்த மூலத்தை நிறுத்தினால் ஒளி நிற்கிறதா, நீடிக்கிறதா? சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் என்ன ஆகிறது? பெக்கெரலும் கிருஷ்ணனும் தம் முன் தோன்றிய ஒளிக்குப் பழைய பெயரைச் சூட்டி நிறைவு அடையாமல், இத்தகைய வினாக்களைக் கேட்டவர்கள். டார்ச்சும் மஞ்சள் பொடியும் வைத்துக்கொண்டு இருட்டறையில் அமரும் மாணவரும் அதே வினாக்களைக் கேட்கலாம்.